மணல்மேட்டை மட்டும் தொட்டுடாதீங்க! – வாசகர் கேள்வி, தோட்டத்து அக்கா பதில்

போன இதழ்ல கடலோரத்துல தாவரவியல் பூங்கா வெக்கலாமான்னு போகிற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், இந்த மாசம் தபால் மெயில் வாட்ஸ்அப் எல்லாத்துலயும் அதே கேள்விதான். மாடித்தோட்டம் கேட்டவங்க, ரோஜாவுல பூச்சின்னு எழுதினவங்க எல்லாரும் கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ் உங்களுக்குத்தான்.

கேள்வி: அக்கா வணக்கம். கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவுல ஒரு மீனவ கிராமம் எங்களது. ஊருக்கும் கடலுக்கும் நடுவுல நாலஞ்சு ஏக்கர் மணல் புறம்போக்கு சும்மா கெடக்கு. இளைஞர் மன்றத்துல சேர்ந்து அதை தாவரவியல் பூங்காவா ஆக்கலாம்னு பிளான். ஒருத்தர் ஜே.சி.பி. ஃப்ரீயா தர்றேன்னுட்டார். மேட்டை சமன் பண்ணி, செம்மண் அடிச்சு, புல்தரை போட்டு, நர்சரில செடி வாங்கி வெச்சா ஆறு மாசத்துல திறந்துடலாம்ல? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஜே.சி.பி.காரருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து நன்றி சொல்லி அனுப்பிடுங்க. அந்த மேட்டை சமன் பண்ணிட்டா அப்புறம் நீங்க என்ன வெச்சாலும் நிக்காது. உப்புக்காத்தையும் பறக்குற மணலையும் தடுக்கறதே அந்த மேடுதான். பெரிய அலை வர்றப்போ அது தன் மணலைக் குடுத்து கரையைக் காப்பாத்தும், கடல் அமைதியான மாசத்துல அந்த மணல் திரும்ப வந்து சேரும், அதைப் பிடிச்சு வெக்கறது அங்க முளைச்சிருக்கிற கொடியும் புல்லும்தான்.

ஒரு நாள் காலைல போய் அந்த மேட்டு மேல உக்காந்து பாருங்க. கடலைப் பாத்த பக்கம் அடப்பங்கொடி ஊதா கலர்ல பூத்துக் கெடக்கும், ஒரு கொடியைப் பிடிச்சு லேசா தூக்கினீங்கன்னா கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைக் கவ்விக்கிட்டு இருக்கறது தெரியும். மணல் வந்து மூடினா மூடின இடத்துலேர்ந்து திரும்ப மேல வந்து படரும். பக்கத்துலயே முள்ளு முள்ளா ராவணன் மீசை, அதோட காய்ஞ்ச தலை உருண்டையா ஒடிஞ்சு காத்துல கரையோரமா உருண்டுக்கிட்டே போகும், சின்னப் பசங்க பின்னாடியே ஓடுவாங்க, போற வழியெல்லாம் அது விதையைச் சிந்திக்கிட்டே போகும். உங்க பூங்காவோட முதல் ரெண்டு செடி இதுங்கதான், ஏற்கெனவே நட்டாச்சு, ஒரு பைசா செலவில்லாம. அதுக்குப் பக்கத்துல ஒரு போர்டு வெச்சா போதும்.

அடுத்து, "சும்மா கெடக்கு"ன்னு எழுதியிருக்கீங்களே, அது எனக்கு உறுத்துது. உங்க ஊர்லயே இருந்துக்கிட்டு நீங்க இப்படிச் சொல்லலாமா? வலை எங்க காயுது, கருவாடு எங்க காயுது, புயல் எச்சரிக்கை வந்தா போட்டை எது வரைக்கும் ஏத்துறாங்க, கரைவலை இழுக்கிறவங்க எங்க நிப்பாங்க, மாசி மகத்துக்கு சாமி எந்த வழியா கடலுக்கு இறங்கும், சாயங்காலம் பொம்பளைங்க எங்க உக்காந்து பேசுவாங்க, எல்லாத்தையும் ஒரு சார்ட் பேப்பர்ல வரைஞ்சு ஊர் பஞ்சாயத்துல வெச்சுக் காட்டுங்க, வயசானவங்க நாலு தப்பைத் திருத்துவாங்க, அதுக்கப்புறம் மிச்சம் இருக்கற இடம்தான் தோட்டத்துக்கு. நாலு ஏக்கர் ரெண்டாகலாம், ஒண்ணரை ஆகலாம், பரவால்ல.

கடல் உள்ள வருதா வெளிய போகுதான்னும் பாக்கணும். நம்ம கிழக்குக் கரைல வருஷக் கணக்குல பாத்தா மணல் தெக்கேர்ந்து வடக்கா நகருது. நடுவுல துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ (கரைலேர்ந்து கடலுக்குள்ள நீட்டிப் போடற கல்சுவர்) கட்டினா அதுக்குத் தெக்கு பக்கம் மணல் சேரும், வடக்கு பக்கம் கரை அரிக்கும். மெரினா இவ்வளவு அகலமானது சென்னை துறைமுகம் வந்த பிறகுதான், அதே துறைமுகத்துக்கு வடக்க ராயபுரம் பக்கம் கல்லைக் கொட்டிக்கிட்டே இருக்காங்க. புதுச்சேரி பீச்சும் அப்படித்தான் போச்சு, அப்புறம் 2018-ல கடலுக்குள்ள செயற்கைத் திட்டு இறக்கித்தான் கொஞ்சம் மணல் திரும்ப வந்துச்சு. அதனால உங்க ஊருக்குத் தெக்க கிட்டத்துல ஏதாவது கட்டியிருக்காங்களான்னு பாத்துக்குங்க, "எங்க அப்பா காலத்துல கடல் எங்க இருந்துச்சு"ன்னு பெரியவங்களைக் கேளுங்க, போன்ல பழைய சேட்டிலைட் படத்தையும் இன்னிக்குப் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வருஷா வருஷம் கரை உள்ள வருதுன்னா முன் வரிசைல புன்னையை நட்டு அஞ்சு வருஷம் வளத்து கடலுக்குத் தாரை வாக்காதீங்க, பின்னாடி தள்ளிப் போங்க.

செடியோட வரிசையை நீங்களா கண்டுபிடிக்க வேண்டாம், கரையே சொல்லும். முன்னாடி கொடியும் புல்லும், மேட்டுக்குப் பின்னாடி தாழை, நொச்சி, சங்கங்குப்பி மாதிரி புதர், அதுக்குப் பின்னாடி புன்னை, பூவரசு, புங்கன், பனை, நுணா, கடைசில ஊரை ஒட்டி உலக்கைப்பாலை, காசா, வீரை, பூவந்தி. முன்னாடி புதர் இல்லாம மரத்தை மட்டும் வெச்சா கடல் பக்கத்து மொட்டெல்லாம் உப்புல கருகி மரம் ஒரு பக்கமா சாஞ்சே வளரும், பீச்ல நிக்கற மரங்களைப் பாத்தா தெரியும். ஆக, புதர் ஒரு ஆள் உயரம் வந்த பிறகு மரம் நட்டாப் போதும், அவசரமே இல்ல.

செம்மண் வேண்டாம். புல்தரை வேண்டவே வேண்டாம், தினம் தண்ணி கேக்கும், அதை ஊத்துறது யாரு? கடலுக்கு நடந்து போற வழி ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், நேரா வெட்டாம கொஞ்சம் வளைச்சு விடுங்க, நேர் வழின்னா அந்த சந்துல காத்து புகுந்து மேட்டையே ரெண்டா பொளந்துடும். முடிஞ்சா அதுக்கு மேல பலகை நடைபாதை. திறப்பு விழா ஆறு மாசத்துல வேணும்னா போர்டு திறப்பு விழா வெச்சுக்குங்க, நடவு அடுத்த ஐப்பசிதான்.

கேள்வி: கடற்கரைல பூங்கான்னாலே மீனவனைக் கிளப்புற வேலைதானே? நல்லா இருக்குன்னு வாக்கிங் வர ஆரம்பிப்பாங்க, அப்புறம் மீன் நாத்தம்பாங்க, அப்புறம் வலையை எடுன்னுவாங்க. நீங்க இதுக்கு சப்போர்ட்டா? – நாகை வாசகர்

பதில்: நீங்க பயப்படறது நியாயம் ஐயா, அதுல ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். கடற்கரை புறம்போக்குன்னு ரெக்கார்டுல இருக்கற நிலம் தலைமுறையா ஊர் பொதுவா புழங்கற நிலம், பட்டா இல்லாததாலயே அது யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி ஆயிடுது. அதனாலதான் மேல தம்பிக்கு வலை காயற இடத்தை மொதல்ல வரையச் சொன்னேன். ஊர் பஞ்சாயத்து கூட்டத்துல பேசி, எந்த எந்த இடம் மீன்பிடி தொழிலுக்கு, அதுல செடி வராதுன்னு தீர்மானமா எழுதி, அதை கிராம சபைலயும் பதிவு பண்ணி வெச்சுக்குங்க. கமிட்டில பாதிப் பேராவது கடலுக்குப் போறவங்களும் மீன் விக்கிற பொம்பளைங்களுமா இருக்கட்டும். கேட்டு, டிக்கெட், காம்பவுண்டு சுவர் மூணும் வராதுன்னு மொத நாளே எழுதிடுங்க. இதுக்கெல்லாம் ஒத்துக்காத ஸ்பான்சர் எவ்வளவு பணம் குடுத்தாலும் வேண்டாம், எனக்கும் அந்த மாதிரி பூங்கா வேண்டாம்.

கேள்வி: நீலாங்கரைல குடியிருப்போர் சங்கம் நாங்க. கடலோரத்துல தோட்டம் வெக்க சி.ஆர்.இசட். பர்மிஷன் தேவையா? போர் போட்டுக்கலாமா?

பதில்: பெர்மிஷன் கேக்காம மண்வெட்டியை எடுக்காதீங்க. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மொதல்ல 1991, அப்புறம் 2011, இப்போ 2019. கடல் பக்கம் உயர் அலைக் கோட்டுலேர்ந்து (ஏத்தத்துல கடல் தண்ணி அதிகபட்சமா தொடற கோடு) 500 மீட்டர் வரைக்கும் இந்த விதிக்குள்ள வரும். உங்க இடம் எந்த வகைன்றது கடலோர மேலாண்மை வரைபடத்துல இருக்கும், கிராமப்புறத்துக்கு ஒரு விதி, ஏற்கெனவே வளந்த நகரத்துக்கு இன்னொண்ணு. கிராமப்புறத்துல கரையை ஒட்டி கட்டடமே கூடாதுன்னு ஒரு பட்டை விட்டிருக்காங்க, 2011 விதில அது 200 மீட்டர், 2019-ல ஜன நெருக்கடி ஜாஸ்தியான ஊர்களுக்கு 50 மீட்டர்னு குறைச்சாங்க (எனக்கு அதுல துளியும் சந்தோஷம் இல்ல). அந்தப் பட்டைக்குள்ளயும் தோட்டம், பூங்கா, மரம் வளப்பு இதெல்லாம் அனுமதிக்கக்கூடிய வேலைங்கதான், செடி வெக்கறதுக்கு சட்டம் எதிரி இல்ல. ஆனா கூடவே வர்ற சிமெண்டு பெஞ்சு, டாய்லெட், பவுண்டன், செல்ஃபி எழுத்து, இதுலதான் மாட்டுவீங்க. மணல்மேட்டை மாத்தறது தடை, 2011 அறிவிக்கை அழகுபடுத்தறதுக்கோ பொழுதுபோக்குக்கோ நில அமைப்பை மாத்தக் கூடாதுன்னே சொல்லிச்சு. மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழு கலெக்டர் தலைமைல இருக்கு, பிளானோட அங்க எழுதிக் குடுங்க, ஒத்தைப் பேப்பர் ஸ்கெட்ச்சா இருந்தாலும் சர்வே நம்பர் இருக்கணும்.

போர்? 200 மீட்டருக்குள்ள உள்ளூர் ஜனங்க தங்களோட சொந்தத் தேவைக்கு எடுக்கறதைத் தவிர நிலத்தடி நீரைத் தொடக் கூடாது. 200-லேர்ந்து 500 வரைக்கும் வேற வழியில்லாத இடத்துல சாதாரணக் கிணத்துலேர்ந்து கையால இறைச்சுக்கலாம், அதுல தோட்டக்கலையும் சேத்திதான். இந்த விதி சும்மா போட்டதில்ல. மணலுக்குள்ள மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு இருக்கு, நல்ல தண்ணி லேசு, கடல் தண்ணி கனம். கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். திருப்பிப் பாருங்க, மோட்டார் போட்டு மேல ஒரு அடி இறக்கினா கீழேர்ந்து உப்பு அந்த அளவுக்கு ஏறும். மீனவக் குப்பத்துல பொம்பளைங்க மணல்ல ரெண்டடி ஊத்து தோண்டி குடத்துல மொண்டு எடுப்பாங்களே, அது இனிப்பா இருக்கறதே அவங்க மொண்டு எடுக்கறதாலதான். நீங்க அஞ்சு எச்.பி. மோட்டார் போட்டா உங்க புன்னையும் போகும், அவங்க ஊத்தும் போகும்.

கேள்வி: சுனாமிக்கப்புறம் எங்க பக்கம் பூரா சவுக்குதான் நட்டாங்க. வேகமா வளருது, விறகுக்கும் ஆவுது. தோட்டம்னா சவுக்கையே வெச்சா என்ன? – வேதாரண்யம் வாசகர்

பதில்: உங்களுக்குச் சவுக்கைப் பத்தி நான் பாடம் எடுக்க முடியுமா! உங்க பக்கத்து நாலுவேதபதில 2002-ல ஒரே நாள்ல 80,244 மரக்கன்னு நட்டு கின்னஸ்ல ஏறினாங்க, ரெண்டு வருஷத்துல 2004 டிசம்பர் 26-ல சுனாமி வந்தப்போ அந்தத் தோப்புதான் ஊரைக் காப்பாத்துச்சுன்னு இன்னிக்கும் சொல்றாங்க. ஊருக்கும் மேட்டுக்கும் நடுவுல ஒரு தோப்பா சவுக்கு இருக்கறது எனக்கு ஓகே, வேர்லேயே நைட்ரஜனைப் பிடிச்சுக்கற மரம், வெறும் மணல்ல வரும், கம்பு வித்து ஜனங்க சம்பாதிக்கறாங்க. ஆனா சவுக்கு இந்த மண்ணு மரமில்ல, தென்கிழக்கு ஆசியா ஆஸ்திரேலியா பக்கத்துலேர்ந்து வந்தது.

பிரச்னை எங்க வருதுன்னா, சுனாமிக்குப் பிறகு சில இடத்துல ராவணன் மீசை மூடி இருந்த நல்ல மேட்டையே ஒழுங்குபடுத்தி அது மேல சவுக்கை நட்டாங்க, அலை தொடற தூரம் வரைக்கும் கொண்டு போனாங்க. சவுக்கு ஊசி அடில மெத்தை மாதிரி விழுந்துட்டா வேற ஒண்ணும் முளைக்காது, அடப்பங்கொடிக்கு வெயில் கெடைக்காது. பங்குனி ஆமை முட்டை போட வர்ற இடத்துல வேர் குறுக்க நிக்கும். அதுவுமில்லாம ஆமைக்குஞ்சு ஆணா பொண்ணாங்கறதே மணல் சூட்டைப் பொறுத்ததுதான், சூடு ஜாஸ்தின்னா பொண்ணு, கம்மின்னா ஆண், நிழல் விழுந்தா அந்தக் கணக்கே மாறும். அதனால உங்க தோட்டத்துல சவுக்கு பின் வரிசைல ஒரு பாத்தி இருக்கட்டும், போர்டும் வெய்ங்க. தோட்டமே சவுக்குன்னா அது சவுக்குத் தோப்பு, அதுக்கு எதுக்குத் தாவரவியல்னு பேரு?

கஜா புயல் வந்துட்டுப் போன 2018 நவம்பர்ல தென்னை எப்படி வேரோட சாஞ்சுதுன்னு நீங்களே பாத்தீங்க. ஒரே மரத்தை நம்பி ஒரு கரையை வெக்காதீங்கன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

கேள்வி: பார்க்குக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் என்னதான் வித்தியாசம்? எங்க ஊர் பொட்டானிக்கல் கார்டன்ல ட்ரெயின் இருக்கு, பவுண்டன் இருக்கு! – புதுச்சேரி வாசகி

பதில்: சிரிப்பு வந்துருச்சும்மா. உங்க ஊர்த் தோட்டம் 1826-ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்சது, இந்த ஊருக்கு எந்தப் பயிர் எந்த மரம் ஒத்துவரும்னு நட்டுப் பாக்கறதுதான் அங்க அப்போ வேலை. ட்ரெயின் எல்லாம் அப்புறம் வந்தது.

வித்தியாசம் பெருசா ஒண்ணுமில்ல, ஒரு நோட்டுதான். பார்க்ல மரம் செத்தா வேற மரம் வெப்பாங்க, கதை முடிஞ்சது. தாவரவியல் பூங்கால ஒவ்வொரு செடிக்கும் ஒரு நம்பர் இருக்கும். எங்கேர்ந்து வந்த விதை, யார் எந்தத் தேதில எடுத்தாங்க, தாய் மரம் எங்க நிக்குது, என்னிக்கு நட்டது, என்னிக்குப் பூத்தது, செத்துச்சுன்னா ஏன் செத்துச்சு, எல்லாம் அந்த நம்பருக்கு நேரா எழுதியிருக்கும். நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போதும், கூட ஒரு எக்ஸல் ஷீட்டு. செடிகிட்ட நம்பரை அலுமினியத் தகட்டுல ஆணியால குத்தி எழுதிக் கட்டுங்க, கடல் காத்துல இரும்புத் தகடு சீக்கிரமே துருப்பிடிச்சுப் போகும், பிளாஸ்டிக் வெயில்ல பொடியாப் போகும். மரத்துல ஆணி அடிச்சு மாட்டாதீங்க, குச்சி நட்டு அதுல மாட்டுங்க.

பேர்ப்பலகைல ஊர்ப்பேர் மேல, அறிவியல் பேர் கீழ, அதுக்கும் கீழ ஜனங்க அதை என்ன பண்ணுவாங்கன்னு ஒரு வரி, "பூவரசு இலைல கொழுக்கட்டை அவிப்பாங்க, பசங்க பீப்பீ ஊதுவாங்க"ன்னு இருந்தா நின்னு படிப்பாங்க. அடையாளம் தெரியாத செடி வந்தா யூகிச்சு எழுத வேண்டாம், ஒரு கொப்பைப் பூவோட பேப்பர் நடுவுல வெச்சு அழுத்திக் காயவெச்சு எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க ஊர்லயே பிரெஞ்சு நிறுவனத்துல உலர்தாவரத் தொகுப்பு இருக்கு, திருச்சில செயின்ட் ஜோசப் காலேஜ்ல ராபினட் ஹெர்பேரியம் இருக்கு, கோயமுத்தூர்ல இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட தென்மண்டல ஆபீஸ் இருக்கு.

கேள்வி: நாட்டு மரக்கன்னு எங்க கெடைக்கும்? நர்சரில கேட்டா போகன்வில்லாவும் ராயல் பாமும்தான் காட்டுறாங்க. – மரக்காணம் வாசகர்

பதில்: நீங்க கொடுத்து வெச்ச இடத்துல இருக்கீங்க. ஈ.சி.ஆர்.ல கொஞ்சம் தெக்க இறங்கினா கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. வறண்ட பசுமைமாறாக் காடுன்னு சொல்றோமே, சோழமண்டலக் கரைல ஒரு காலத்துல நெறைய இருந்தது, இன்னிக்கு இந்த மாதிரி சாமி காட்டுலயும் கோடியக்கரை சரணாலயம் மாதிரி ஒண்ணு ரெண்டு இடத்துலயும்தான் உருப்படியா மிச்சம். அங்க போய் மரத்தைப் பாத்து வாங்க, எதுக்குப் பக்கத்துல எது நிக்குதுன்னு பாத்தாலே உங்க பிளான்ல பாதி முடிஞ்சுது. ஆனா கோயில் காட்டுல கன்னு பிடுங்காதீங்க, பூசாரிகிட்டயும் ஊர்க்காரங்ககிட்டயும் கேட்டு கீழ விழுந்த பழம் விதை மட்டும் பொறுக்குங்க. சரணாலயத்துல அதுகூட வனத்துறை அனுமதி இல்லாம கூடாது. ஆரோவில் பக்கம் பிச்சாண்டிக்குளத்துல இந்த வகை மரங்களை வருஷக்கணக்கா வளத்துக்கிட்டு வர்றாங்க, சென்னை அடையாறு பூங்கா, அதான் 58 ஏக்கர்ல 2011-ல திறந்தாங்களே தொல்காப்பியப் பூங்கா, அதோட மறுசீரமைப்புத் திட்டத்துக்கும் அவங்கதான் கை குடுத்தாங்க. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கெடந்த கழிமுகம் அது, ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வாங்க.

பாதி மரத்துக்கு கன்னே தேவையில்ல. பூவரசு கைத்தடி கனத்துல போத்து வெட்டி ஐப்பசி மழைல ஊணினா துளுத்துடும், கிளுவையும் அப்படித்தான். தாழைக்கு பக்கக் கிளையை விழுது வேரோட வெட்டி நட்டாப் போதும். புன்னை கொட்டையை அப்படியே போட்டா முளைக்க ரெண்டு மாசம் ஆகும், ஓட்டைப் பக்குவமா உடைச்சு பருப்பை மட்டும் போட்டா ஏறக்குறைய மூணு வாரம். காலைல புன்னை மரத்தடில போனீங்கன்னா வவ்வால் சதையைத் தின்னுட்டு போட்டுட்டுப் போன கொட்டை கெடக்கும், அதைப் பொறுக்குங்க, சுத்தம் பண்ற வேலை மிச்சம்.

பனையை பைல போட்டு வளக்காதீங்க, மொதல்ல கீழ நோக்கித்தான் கிழங்கு இறக்கும், பை தாங்காது. இருக்கற இடத்துலயே பத்தடிக்கு ஒரு கொட்டையைப் புதைங்க. ஊர்ப் பசங்க கிழங்குக்குத் தோண்டாம பாத்துக்கறதுதான் பெரிய பாடு! ஆண் பனையா பொண் பனையான்னு தெரியவே பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆகும், அதனால நெறையவே போடுங்க.

குழி புரட்டாசிலயே எடுத்து, வெறும் மணலா இருந்தா ஏரி வண்டலும் மக்கின சாணியும் கலந்து வெச்சுடுங்க, நல்ல மழை ரெண்டு பெஞ்ச பிறகு நடுங்க, மார்கழிக்குள்ள வேர் இறங்கிடணும். கோடைக்கு மண்பானை ஒண்ணு கன்னுக்குப் பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சு, வாரத்துல ரெண்டு தரம் ரொப்புங்க, ரெண்டு கோடை அப்படித் தாண்டினா அப்புறம் அது பாத்துக்கும். ராயல் பாம் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

கேள்வி: சிட்னில இருக்கோம். கவுன்சில் கடற்கரைத் தோட்டத்துல வாலண்டியரா போறேன். நம்ம ஊர் வேம்பு, புங்கன் எல்லாம் அங்க வெக்கலாம்னு ஆசை, கேட்டா விட மாட்டேங்கறாங்க. ஏன்?

பதில்: விட மாட்டாங்க, விடவும் கூடாது. வேம்பு அங்க வடக்குப் பிரதேசத்துல (நார்தர்ன் டெரிட்டரி) ஆத்தோரமா பரவி களைன்னு அறிவிச்சிருக்காங்க. உங்க மாநிலத்துலயே சூடு பட்டவங்க அவங்க. மணல்ல தாதுவைத் தோண்டி எடுத்த மேட்டை மூடறதுக்காக 1946-லேர்ந்து 1968 வரைக்கும் தென்னாப்பிரிக்காவோட பிட்டூ புதரை அரசாங்கமே நட்டுச்சு. அது அடங்காம உள்ளூர்ச் செடியை எல்லாம் மூடிக்கிட்டுப் போய், இன்னிக்கு அதே கரைல உங்கள மாதிரி வாலண்டியர்ங்க குனிஞ்சு புடுங்கிக்கிட்டு இருக்காங்க. நம்ம சீமைக்கருவேலம் கதைதான். ஊர் ஞாபகம் வந்தா அங்க மணல்மேட்டுல ஸ்பினிபெக்ஸ் புல் இருக்கும் பாருங்க, நம்ம ராவணன் மீசைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, அதோட தலையும் அதே மாதிரி உருளும். கோஸ்ட் பேங்க்சியா நடச் சொன்னா சந்தோஷமா நடுங்க. கருவேப்பிலையை வீட்டுத் தொட்டில வெச்சுக்குங்க.

கேள்வி: ராத்திரி தோட்டம் அழகா தெரியணும்னா எந்த மாதிரி லைட்டு போடலாம்? – பெசன்ட் நகர்

பதில்: போடாதீங்க. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் உங்க பீச்சுல பங்குனி ஆமை ஏறுது, முட்டை பொரிய நாப்பத்தஞ்சுலேர்ந்து அறுபது நாள், குஞ்சுங்க வெளிச்சம் எங்க இருக்கோ அதைக் கடல்னு நினைச்சு ரோட்டுப் பக்கம் நடந்துடும். 1988-லேர்ந்து மாணவர் ஆமைப் பாதுகாப்பு அமைப்புக்காரங்க ராத்திரி ராத்திரி உங்க கரைல நடந்துதான் முட்டையைக் காப்பாத்தறாங்க, ஒரு நாள் அவங்களோட நடந்து பாருங்க, அப்புறம் லைட்டே கேக்க மாட்டீங்க. போட்டே ஆகணும்னா ஊர் பக்கத்து வாசல்ல மட்டும், முழங்கால் உயரத்துல, கீழ பாத்த மாதிரி, மஞ்சக் கலர்ல, எட்டு மணிக்கு அணைக்கிற மாதிரி ஒண்ணு.

கேள்வி: ஆடு மேயுதே அக்கா! வேலி போட காசில்ல. – தூத்துக்குடி

பதில்: ஆட்டுக்காரங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டீங்களா? அதை மொதல்ல பண்ணுங்க, ரெண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வேணாம், அந்தப் பக்கம் மேய்ச்சுக்கோன்னு இடம் பிரிச்சுக் குடுத்தா பெரும்பாலும் கேப்பாங்க. கிளுவைப் போத்தை ஒரு அடிக்கு ஒண்ணா நெருக்கி ஊணி நடுவுல சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் செருகிட்டா ஒரு மழைக்காலத்துல உயிர்வேலி ஆயிடும். சீமைக்கருவேலத்தை வெட்டின மாதிரியும் ஆச்சு. காய் இருக்கற கொப்பு மட்டும் வேண்டாம், ஆடு அந்தக் காயைத் தின்னா விதை சாணியோட உங்க தோட்டத்துக்குள்ளயே வந்து முளைக்கும்.